நானூறு பேர் ரத்தம், ஒரு மாவட்டத்தின் பெயர்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் செக்கப். காலை ஏழரைக்கே வராந்தா நிறைந்துவிடும். 2003இல் லேப் டெக்னீஷியனாக நான் சேர்ந்த சில மாதங்களில் அந்த வரிசையை ஒட்டி ஒரு புது வேலை வந்தது. எப்போதும்போல விடிஆர்எல் பரிசோதனைக்கு, அதாவது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்க, ரத்தம் எடுக்க வேண்டும். சீரம் பிரித்த பிறகு அதில் கொஞ்சத்தை இன்னொரு குழாயில் ஊற்ற வேண்டும். அந்தக் குழாயில் பெயர் கிடையாது, ஓபி சீட்டு எண்ணும் கிடையாது. மையத்தின் குறியீடும் வரிசை எண்ணும் மட்டும்தான். கூடவே ஒரு படிவம்: வயது, படிப்பு, எத்தனையாவது கர்ப்பம், கிராமமா நகரமா, கணவர் என்ன தொழில், வெளியூரில் தங்கி வேலை செய்கிறாரா.

15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் கர்ப்பிணிகள் 400 பேர், மூன்று மாதத்துக்குள். 'சென்டினல்' என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வோம். நாடு முழுவதும் 1998 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த எச்.ஐ.வி. கண்காணிப்பு அது, 2008க்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆனது. குழாய்கள் ஐஸ் பாக்ஸில் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். முடிவு எங்களிடம் திரும்பி வராது. வந்தாலும் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆளைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, ஊரை அளப்பதற்காக எடுத்த ரத்தம் அது.

அந்த வேலையில் எனக்கு மிகவும் கனமாக இருந்தது அதுதான். ஒருமுறை 22 வயதுப் பெண் ஒருத்தி, கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே. ஊசி போடும்போது, "இந்த ரத்தத்துல எல்லா நோயும் தெரிஞ்சிருமாக்கா?" என்று கேட்டாள். "இதுல தெரியாது கண்ணு. உனக்குத் தெரியணும்னா பக்கத்து ரூம்ல ஆலோசகர் இருக்காங்க, அங்க கேட்டுத் தனியா எடுத்துப் பாப்பாங்க, உனக்கு மட்டும்தான் சொல்வாங்க" என்றேன். அன்றிலிருந்து சென்டினலுக்கு ரத்தம் எடுத்த ஒவ்வொரு பெண்ணையும் ஆலோசனை மையத்துக்கு நானே கூட்டிப்போய் விடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பிற்பாடு அந்த மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கணக்குக்காக எடுக்கும் ரத்தம் அந்தப் பெண்ணுக்கு எதையும் தராது. அவளுக்கு வேண்டியதைத் தரும் வழியை அதே நாளில், அதே வராந்தாவில் காட்டியாக வேண்டும்.

இனி கணக்குக்கு வருகிறேன். 400இல் 4 பேருக்குத் தொற்று இருந்தால் 1 சதவீதம். 5 பேர் என்றால் 1.25. நடுவில் இருப்பது ஒரே ஒரு பெண். 2007இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது நாட்டின் மாவட்டங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். கர்ப்பிணிகளிடம் முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒரு மையத்தில் 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அந்த மாவட்டம் 'ஏ'. அப்படி 156 மாவட்டங்கள். 'பி' வகையில் 39. பணியாளர், மையங்கள், பணம் எல்லாம் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் முதலில் போயின. அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் வராந்தாவில் யார் வரிசையில் நின்றார்கள், யாரை நாம் தாண்டிப் போனோம் என்பது இருக்கிறது.

400இல் 4 என்பதைப் புள்ளியியல்காரர்கள் எப்படிப் படிப்பார்கள் தெரியுமா? உண்மையான அளவு ஏறத்தாழ 0.3இலிருந்து 2.5 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பார்கள். பயிற்சி வகுப்பில் முதன்முறை இதைக் கேட்டபோது, இவ்வளவு பாடுபட்டு எடுத்ததற்கு இவ்வளவு அகலமான பதிலா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. ஒரே ஆண்டின் ஒரே மையத்தை வைத்து எதுவும் பேசக்கூடாது. மூன்று நான்கு சுற்றுகளை அருகருகே வைத்து, பக்கத்து மையங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லலாம்.

ஒரு சுற்றில் எங்களால் 400 எட்ட முடியவில்லை. கடைசி வாரத்தில் 340தான் சேர்ந்திருந்தது. மேலே இருந்தவர் ஒருவர், "பிரசவ வார்டுல இருந்து மீதி அறுபதை எடுத்துக்கோங்க" என்றார். எடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன். பிரசவ வார்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு ஊர்களிலிருந்து, சிக்கலான கேஸ் என்று அனுப்பப்பட்டு வந்தவர்கள். முதல் செக்கப்புக்கு நடந்து வந்து வரிசையில் நின்றவர்கள் அல்ல. மேற்பார்வைக்கு வந்த ஒரு மருத்துவர் படிவங்களைப் புரட்டவே இல்லை. தேதிவாரியாக எத்தனை மாதிரி என்று ஒரு தாளில் எண்ணினார். நாளுக்கு ஆறு ஏழு என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று ஒரு நாள் 22, மறுநாள் 19. "இந்த ரெண்டு நாள் என்னம்மா நடந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிவிட்டேன். அந்த மாதிரிகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. எங்கள் மையம் அந்த ஆண்டு குறைந்த எண்ணிக்கையோடுதான் போனது.

அதற்குப் பிறகு எண்ணிக்கையை எட்டாதது எனக்கு ஒரு குற்றமாகப் படவில்லை. யார் வருகிறார்களோ அவர்களை வந்த வரிசைப்படி எடுப்பது, எடுக்க முடியாதவர்களை 'மறுத்தார்', 'ரத்தம் போதவில்லை' என்று எழுதிவைப்பது, அவ்வளவுதான் நம் வேலை. நரம்பு கிடைக்காத குண்டான பெண்ணை விடுவது, குழந்தை அழுகிறதே என்று ஒருத்தியை முன்னே அனுப்பிவிடுவது, பார்க்க வசதியாகத் தெரிகிறவரிடம் கேட்கத் தயங்குவது என்று சின்னச் சின்னதாகத்தான் வரிசை கெடும். செய்கிறவருக்கு அது இரக்கமாகக்கூடத் தோன்றும். அன்றாட எண்ணிக்கையைத் தேதி போட்டு ஒரு சுவர்த்தாளில் எழுதிவையுங்கள். வேறு எந்தச் சரிபார்ப்பும் இவ்வளவு எளிதில் தவறைக் காட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

நம் ஊர் வழக்கத்தால் வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். கணவன் வீடு ஒரு மாவட்டம், அம்மா வீடு இன்னொரு மாவட்டம். முதல் ஆறு மாதம் அங்கே செக்கப், பிறகு இங்கே. எங்கள் மையத்தைப் பொறுத்தவரை அந்தச் சுற்றில் அவளுக்கு இது முதல் வருகை. சேர்க்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. அங்கேயும் ஒரு சென்டினல் மையம் இருந்து, அங்கேயும் அதே சுற்றில் எடுத்திருந்தால்? பெயரில்லாத குழாயில் அது தெரியவே தெரியாது. தொற்று நேர்ந்த இடம் ஒன்று, கணக்கில் ஏறும் இடம் ஒன்று என்றும் ஆகலாம். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழில். திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டிகள். ஆண்கள் ஆண்டில் பெரும்பகுதி சாலையில். 2000களின் தொடக்கத்தில் நாமக்கல்லின் பெயர் இந்த நோயோடு சேர்ந்தே பேசப்பட்டது. அந்த ஊர்ப் பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர்களை எனக்குத் தெரியும். டிரைவரின் பாதை நான்கு மாநிலங்களில் ஓடுகிறது, வீட்டு முகவரி மட்டும் ஒரு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த முகவரிக்குத்தான் எல்லாப் பழியும் வந்து சேர்ந்தது.

முகவரிப் பிரச்சினையின் பெரிய வடிவத்தைத் தாம்பரத்தில் பார்க்கலாம். எய்ட்ஸ் நிலைக்குப் போனவர்களைப் பதிவுசெய்யும் கணக்கு, சென்டினல் அல்லாமல் தனியாக இருந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளில் மிகப் பெரிய பங்கு தமிழ்நாட்டின் பெயரில் இருந்தது. தமிழ்நாட்டில்தான் நோய் மிக அதிகம் என்று பலர் அதைப் படித்தார்கள். உண்மையில் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் இவர்களை ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள், சேர்த்தவர்களை எழுதியும் வைத்தார்கள். ஆந்திரத்திலிருந்து ரயிலேறி அங்கே வந்தவர்கள் ஏராளம். சேர்க்காத ஊரில், எழுதாத ஊரில், எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். 2004 ஏப்ரல் 1இல் நாட்டின் ஆறு மாநிலங்களில் எட்டு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கியபோது தாம்பரமும் அதில் ஒன்று.

எய்ட்ஸ் நோயாளி எண்ணிக்கை இன்னொரு வகையிலும் ஏமாற்றும். எச்.ஐ.வி. உடலுக்குள் வந்து, மருந்து இல்லாத நிலையில், எய்ட்ஸ் என்ற கட்டத்தை எட்டச் சராசரியாக எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஆகவே இந்த ஆண்டு ஒரு வட்டாரத்தில் எய்ட்ஸ் கூடியிருந்தால், அது பத்தாண்டுக்கு முன் நடந்ததன் செய்தி. இப்போது என்ன நடக்கிறது என்று அறிய இளம் வயதினரின் எச்.ஐ.வி. கணக்கைப் பார்க்க வேண்டும். முதல் கர்ப்பத்தோடு வரும் 15 முதல் 24 வயதுப் பெண்களின் எண்ணைத் தனியே எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். அவர்களுக்கு வந்த தொற்று பழையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

இந்தியாவில் இந்தக் கணக்கின் முதல் வரியே சென்னையில்தான் எழுதப்பட்டது. 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறைகூடச் சரியாகக் கிடைக்காத காலம். மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்கு ரயிலில் கொண்டுபோனார். 6 மாதிரிகள் பாசிட்டிவ். அதுவரை இந்தியாவில் இந்த நோய் இல்லை என்றே பலரும் நம்பியிருந்தார்கள். தேடாத இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். ஒரு வட்டாரத்தின் அட்டவணையில் பூஜ்யத்தைப் பார்க்கும்போதெல்லாம், "இங்கே எத்தனை பேருக்குப் பரிசோதித்தீர்கள்?" என்று கேட்பது அங்கிருந்துதான் எனக்குப் பழக்கமானது.

2007இல் நடந்ததை மறக்க முடியாது. அதுவரை இந்தியாவில் 52 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக மதிப்பிட்டிருந்தார்கள். திடீரென்று 25 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. டீக்கடையில் என் அண்ணன், "பாதிப்பேர் எங்கம்மா போனாங்க?" என்று கேட்டார். யாரும் எங்கும் போகவில்லை, அளவுகோல் மாறியது. 2005-06இல் மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு வீடுவீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைப் பரிசோதித்திருந்தது. நாடு முழுக்க 0.28 சதவீதம் என்றும், தமிழ்நாட்டில் 0.34 என்றும் வந்தது. எங்களைப் போன்ற சென்டினல் மையங்கள் பெரும்பாலும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள். அங்கே வரும் பெண்கள் எல்லாப் பெண்களுக்கும் சரியான மாதிரி அல்ல. வீட்டு ஆய்வும், 2006இல் விரிந்த கூடுதல் மையங்களும் சேர்ந்துதான் மதிப்பீட்டைத் திருத்தின. எங்கள் உழைப்பு பொய்யாகிவிட்டதோ என்று சில நாள் தூக்கம் வரவில்லை. பயிற்சியில் ஒருவர் அமெரிக்காவின் கதையைச் சொன்னார். அங்கே 1993இல் எய்ட்ஸ் என்பதன் வரையறையை விரித்து, நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 செல்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே போனாலே எய்ட்ஸ் என்றார்கள். அந்த ஒரே ஆண்டில் பதிவான எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் ஆனது. நோய் அப்படியேதான் இருந்தது. ஆகவே எந்தக் கோட்டு வரைபடத்தைப் பார்த்தாலும், கோடு மடங்கும் இடத்தில் எது மாறியது என்று முதலில் விசாரியுங்கள்: வரையறையா, மையங்களின் எண்ணிக்கையா, பரிசோதனைக் கருவியா, இல்லை நோய்தானா?

லேபை விட்டு மாவட்ட அளவில் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்த பிறகு வேறு பாடங்கள். நம்பிக்கை மையங்களின் கணக்கில் பெயர் உண்டு. பெயர் இருந்தால் எண்ணுவது சுலபம் என்று நினைத்தேன். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் கே. செல்வி, பின்னால் எம். செல்வி. ஒரு மையத்தில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூட, இன்னொன்றில் குறைய. வயது ஒரு இடத்தில் 27, இன்னொரு இடத்தில் 30. தனியார் லேபில் பாசிட்டிவ் என்று வந்ததை நம்பாமல் எங்களிடம் வருவார்கள். எங்களை நம்பாமல் பக்கத்து மாவட்டத்துக்குப் போவார்கள். காசநோய்ப் பிரிவில் ஒருமுறை எடுப்பார்கள். கடைசியில் கூட்டு மருந்து மையத்தில் பதிவாகும்போது ஒரே மனிதர் ஐந்து வரிகளாக இருப்பார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவை ஒரே தடவையில் ஏற்க யாரால் முடியும்? இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது கணினி அல்ல, ஆலோசகர் அன்போடு கேட்கும் ஒரு கேள்வி: "இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களாங்க?" பதில் 'ஆமாம்' என்றால் அவரைப் புதியவராக எழுதக்கூடாது. இந்தக் கேள்வியைப் படிவத்திலேயே சேர்க்கச் சொல்லி எங்கள் மாவட்டத்தில் வழக்கமாக்கினோம்.

கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களில் எப்போதும் வரும் கேள்வி, "நம்ம மாவட்டம் எத்தனையாவது இடம்?" நான் கையோடு ஒரு உதாரணத்தை எடுத்துப் போவேன். 2021 மதிப்பீட்டில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. சதவீதம் மிக அதிகமாக இருந்த மாநிலம் மிசோரம், 2.70. அடுத்து நாகாலாந்து 1.36, மணிப்பூர் 1.05. ஆனால் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் அதிகம் இருப்பது மகாராஷ்டிரத்தில், 3.94 லட்சம் பேர். இதில் யார் முதலிடம்? மருந்து எத்தனை பெட்டி அனுப்புவது என்பதற்கு எண்ணிக்கை வேண்டும். ஒரு சின்ன ஊரில் எந்த அளவுக்கு ஆபத்து சூழ்ந்திருக்கிறது என்பதற்கு விகிதம் வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாகப் போட்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

பரிசோதனை பெருகும்போதும் இதே குழப்பம். ஒரு பேச்சுக்கு, ஒரு வட்டாரத்தில் 2,000 பேரைப் பரிசோதித்து 20 பேருக்கு இருந்தது, அடுத்த ஆண்டு 10,000 பேரைப் பரிசோதித்து 50 பேருக்கு இருந்தது என்று வையுங்கள். 'இரண்டரை மடங்கு உயர்வு' என்று எழுதிவிடலாம். சதவீதம் 1இலிருந்து 0.5 ஆகக் குறைந்திருக்கிறது என்றும் எழுதலாம். இரண்டுமே பரிசோதனைக்கு வந்தவர்களைப் பற்றிய செய்திதான். முதல் ஆண்டில் ஆபத்து அதிகமுள்ளவர்கள் மட்டும் வந்திருப்பார்கள், இரண்டாம் ஆண்டில் எல்லாக் கர்ப்பிணிகளும் வந்திருப்பார்கள். சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைப் பார்த்து ஒரு அதிகாரி கவலைப்பட்டபோது, "சார், இவங்க முன்னாடி செத்துப்போயிட்டு இருந்தாங்க. இப்ப உயிரோட இருக்காங்க. அதான் கூடுது" என்றேன். அந்த எண் ஏறியதற்காக நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் இணங்கியதில்லை. ஊராட்சிவாரியாகப் பட்டியல் கேட்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்பார்கள், முகாம் போடலாம் என்று. ஆயிரம் பேர் உள்ள கிராமத்தில் '2' என்று எழுதினால், அன்று மாலைக்குள் அந்த இரண்டு வீடும் எது என்று ஊர் கண்டுபிடித்துவிடும். அது சரியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. யாரோ இருவர் மீது பழி விழுந்துவிடும். 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் நாங்கள் வட்டார அளவுக்குக் கீழே எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. முகாமுக்கு வட்டார எண் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கர்ப்பிணி, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவர். நம்பிக்கை மையத்தில் பாசிட்டிவ். பதிவேட்டில் எங்கள் மாவட்ட முகவரி, அம்மா வீட்டுடையது. பேசிப் பார்த்ததில் வாழ்வது கணவர் ஊரில், மூன்று மணி நேர தூரத்தில். பிரசவம் இங்கே, மருந்தும் இப்போதைக்கு இங்கேதான். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் அங்கே திரும்பிவிடுவார். எத்தனையோ தாய்மார் அந்தப் பயணத்தில்தான் எங்கள் கையிலிருந்து நழுவிப் போயிருக்கிறார்கள்: இங்கே 'ஊர் மாறினார்' என்று எழுதுவோம், அங்கே அவர் போய்ச் சேர்ந்தாரா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு மாவட்டத்துக் கணக்கிலும் இல்லாமல் ஒரு உயிர்.

அவர் கிளம்பிய அன்று அந்த மாவட்டத்தில் என்னைப் போல வேலை செய்யும் தம்பிக்கு போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை, சிகிச்சைப் பதிவு எண்ணை மட்டும் கொடுத்தேன். கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரை இருக்கிறது, 28ஆம் தேதிக்குள் வர வேண்டும், குழந்தைக்கும் பரிசோதனை பாக்கி இருக்கிறது என்றேன். 26ஆம் தேதி காலை அந்தத் தம்பியிடமிருந்து அழைப்பு. "அக்கா, அந்த நம்பர் வந்துட்டாங்க. குழந்தையும் வந்திருக்கு, நல்லா இருக்கு. மாத்திரை கொடுத்தாச்சு."

"பதிவேட்டுல ஏத்தியாச்சா தம்பி?"

"ஏத்திட்டேங்கக்கா. மாற்றலாகி வந்தவங்கன்னு போட்டிருக்கேன், புதுசுன்னு போடலை."

நான் என் பதிவேட்டை எடுத்து அந்த வரிக்கு நேரே தேதியை எழுதினேன்.